நுங்கம்பாக்கத்து ஏடும் கொரட்டூர்ச் சூடும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



போன சித்திரையில் ஒரு நாள் காலை, கொரட்டூர் ஏரிக்கரையில் ஒரு பெரியவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் பிறந்து வளர்ந்த ஊர் கொரட்டூர். அவருடைய தகப்பனார் காலத்தில் இந்த ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்ட குடும்பம். நிலமெல்லாம் மனைக்கட்டுகளாகிப் போன பிறகு, கையிலிருந்த பணத்தைக் கொண்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கி, இன்றைக்கும் நவரை நெல் போடுகிறார். உறவு முறைக்காக அன்றைக்குக் கொரட்டூர் வந்திருந்தார்.

உலகம் சூடாகி வருகிறது, அதற்கு ஏற்ற மாதிரி விதைப்பு நாளையும் ரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டி ஏரியைச் சுற்றிக் காட்டினார். "தம்பி, இங்கே பாருங்க. அந்தப் பக்கம் பூரா வயல். இப்போ பூரா வீடு. மரம் போச்சு, வரப்பு போச்சு, வாய்க்கால் போச்சு. தார் ரோடும் கான்கிரீட்டும் வெச்சா சூடாகாம குளிருமா? இதுக்குப் போய் ஏன்யா உலகத்தையே சாட்சிக்குக் கூப்பிடுறீங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அவர் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. விஞ்ஞானிகளே நூறு வருஷமாக ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி அது. இன்றைய பேச்சு முழுக்க அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். அன்றைக்கு ஏரிக்கரையில் பாதிதான் சொல்ல முடிந்தது.

முதலில் அவர் சொன்னதில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். கொரட்டூர் நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்குப் போகும். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக அமைந்த சங்கிலி ஏரிகள் இவை. இந்த ஏரிகளும் இவற்றின் பாசன வயல்களும் இருந்த வரைக்கும், வெயிலில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிப் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான். நடவு முடிந்த வயலோரம் நடந்தால் காற்று சிலுசிலுவென்று இருக்கிறதல்லவா? 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. பின்னால் குடியிருப்புகள் வந்தன. வெயில் ஆவியாக்குவதற்குத் தண்ணீர் இல்லை. சுவரும் தளமும் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க மெள்ள மெள்ள வெளியே விடுகின்றன. அதனால் நகரத்து ராத்திரி கிராமத்து ராத்திரியைவிடப் புழுக்கம். இது மெய். கொரட்டூர்ச் சூட்டில் ஒரு பங்கு கொரட்டூரே உண்டாக்கிக்கொண்டது.

மீதிப் பங்கு எங்கிருந்து வந்தது? அப்படி ஒரு மீதி இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்குக் கணக்கு ஏடு வேண்டும். ஞாபகம் போதாது. "எங்க காலத்துல இவ்வளவு வெயில் கிடையாது" என்று எல்லாத் தலைமுறையும் சொல்லியிருக்கிறது!

அந்தக் கணக்கு ஏட்டில் உலகத்திலேயே பழையவற்றுள் ஒன்று, கொரட்டூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. ரேடியோவில் "நுங்கம்பாக்கத்தில் பதிவான வெப்பநிலை" என்று கேட்கிறீர்களே, அந்த இடம்தான்.

1786இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். கம்பெனிக்கு அதில் ஆசை வந்ததற்குக் காரணம் கப்பல். கரை எங்கே, பாறை எங்கே, எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறோம் என்று தெரியாமல் கப்பல்கள் உடைந்துகொண்டிருந்தன. மைக்கேல் டாப்பிங் என்பவர் திட்டம் போட்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழும்பியது. தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நட்ட பெரிய கருங்கல் தூண் இன்னமும் அந்த வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் வந்த ஜான் கோல்டிங்காம் 1796 முதல் வானிலைக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். வெப்பமானி என்ன காட்டுகிறது, காற்றழுத்தம் என்ன, காற்று எந்தப் பக்கம் என்று நாள் தவறாமல் ஏட்டில் ஏறியது. 1813 முதல் மழைக் கணக்கு கிடைக்கிறது. இந்த மனிதருக்குக் கணக்குப் பைத்தியம். கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கியின் வெளிச்சத்தைப் பார்த்து, சத்தம் வந்து சேர எத்தனை விநாடி என்று எண்ணி, ஒலியின் வேகத்தையே கணக்கிட்டவர். வெயில் நாளில் ஒரு வேகம், குளிர் நாளில் ஒரு வேகம் என்பதையும் குறித்து வைத்தார்.

அந்தக் கூடத்தில் வேலை பார்த்த நம்மவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867இல் வெளிச்சம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். நம் வீட்டுச் சுவரில் பஞ்சாங்கம் தொங்குகிறதே, அதில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வாக்கியம் என்பது முன்னோர் எழுதிவைத்த வாய்பாட்டின்படி போவது. திருக்கணிதம் என்பது வானத்தைக் கண்ணால் பார்த்து, வாய்பாடு பிசகியிருந்தால் அதைத் திருத்திக்கொள்வது. ரகுநாதாச்சாரி திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். கூடத்துக் கருவி காட்டியதையும் வீட்டு ஓலை சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்து, கருவி காட்டியதன் பக்கம் நின்றார். அந்தக் காலத்தில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

1861 முதல் முப்பது வருஷம் தலைமை வகித்தவர் நார்மன் போக்சன். அவருடைய மகள் ஐசிஸ் போக்சன் 1873இல் கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். 1881 முதல் சென்னை மாகாண அரசின் வானிலைக் கண்காணிப்பாளராக இருந்தார். 1898இல் ஓய்வு பெறும் வரை மாகாணத்து வெயிலையும் மழையையும் கணக்குப் பார்த்தவர் ஒரு பெண்மணி. பள்ளிப் புத்தகத்தில் இந்தப் பெயரை நான் படித்ததில்லை.

1875இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். மழையைக் கணக்கெடுப்பது கப்பல்காரன் விவகாரம் மட்டுமல்ல, உயிர் விவகாரம் என்று அரசாங்கத்துக்கு உறைத்தது அப்போதுதான். 1901 முதல் இந்தியா முழுமைக்கும் சராசரி வெப்பநிலை போடக்கூடிய அளவுக்குக் கணக்கு இருக்கிறது.

சரி, நுங்கம்பாக்கத்து ஏட்டைப் புரட்டி, அன்றைக்கு இவ்வளவு, இன்றைக்கு இவ்வளவு, ஆகவே உலகம் சூடாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது. நம் பெரியவர் விடமாட்டார். கோல்டிங்காம் காலத்தில் நுங்கம்பாக்கம் தோப்பும் துரவும் ஏரியுமாக இருந்த கிராமம். இன்றைக்கு வள்ளுவர் கோட்டம் நிற்கிற இடமே ஏரியாக இருந்ததுதான். கொரட்டூருக்கு வந்த கதி நுங்கம்பாக்கத்துக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. அந்த ஒரு வெப்பமானியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொன்னால், ஊரின் சூட்டை உலகத்தின் கணக்கில் எழுதின தப்பு வந்து சேரும்.

ஒரே ஒரு நாளை வைத்தும் சொல்லக்கூடாது. 2003ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி போயிற்று. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஒரு நாள் எதற்கும் சாட்சி ஆகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு ஊருக்குள் புகுந்தபோது, "இதுதான் உலகம் சூடானதன் விளைவு" என்று எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்த ஒரு நாள் பேய்மழையைத் தனியாக எடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்ட முடிவு வேறு: இந்த மழையில் உலகம் சூடானதன் பங்கு இருப்பதாகக் காண முடியவில்லை என்றே எழுதினார்கள். காற்றில் மிதக்கும் தூசும் புகையும் வெயிலை மறைத்து, சூட்டின் வேலையை இதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு இதைப் படித்ததும் இவர்கள் மேல் நம்பிக்கை கூடிற்று. சாட்சி இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்பவன்தானே, இருக்கிறது என்று சொல்லும்போதும் நம்பத் தகுந்தவன்?

இனி அந்த "இருக்கிறது" என்பதற்கு வருகிறேன்.

1938இல் இங்கிலாந்தில் கை காலண்டர் என்று ஒருவர். அவர் வானிலைக்காரர் அல்ல; நீராவி இயந்திரத்துறை இஞ்சினீயர். ஓய்வு நேரத்தில் உலகத்தின் பல பாகங்களிலிருந்து 147 நிலையங்களின் வெப்பக் கணக்கைச் சேர்த்து, கையாலேயே கூட்டிக் கழித்தார். ஐம்பது வருஷத்தில் உலகம் ஏறத்தாழ 0.3 டிகிரி சூடாகியிருக்கிறது என்று வந்தது. அவருக்கும் நம் கொரட்டூர்ப் பெரியவரின் சந்தேகம் வந்திருக்கிறது! நிலையத்தைச் சுற்றி வீடுகள் பெருகினால் சூடு ஏறத்தானே செய்யும் என்று தன் கட்டுரையிலேயே எழுதி, பெரிய நகரத்து நிலையங்களைத் தனியாகவும், திறந்த வெளியிலும் தீவுகளிலும் உள்ளவற்றைத் தனியாகவும் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் ஏற்றம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. ஒரு வேடிக்கை: சூடானால் நல்லதுதான், வடக்கே பயிர் நன்றாக விளையும் என்று அவர் எழுதினார். குளிர் நாட்டுக்காரர்; நம்ம ஊர் அக்கினி நட்சத்திரத்தைப் பார்த்ததில்லை போலும்.

இதே சந்தேகத்தை மறுபடி எழுப்பியவர் அமெரிக்காவில் ரிச்சர்ட் முல்லர் என்ற பௌதிகப் பேராசிரியர். இந்தக் கணக்குகளை நம்பாமல், குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு குழு அமைத்தார். நகரத்துக்கு வெகு தூரத்தில் உள்ள நாட்டுப்புற நிலையங்களை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தார். 2011இல் முடிவு வந்தது. ஏற்றம் அப்படியே இருந்தது. சந்தேகப்பட்டவரே ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். கடலில் வீடு கட்டியிருக்கிறார்களா? தார் ரோடு போட்டிருக்கிறார்களா? 2020இல் மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் இந்தியப் பகுதியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1901 முதல் 2018 வரை இந்திய நிலப்பரப்பு சுமார் 0.7 டிகிரி சூடாகியிருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்மட்டத் தண்ணீரோ 1951 முதல் 2015 வரைக்குள் சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. ஒரு மரத்தையும் வெட்டாத, ஒரு செங்கல்லும் வைக்காத இடத்தில்! உலகத்தில் மிச்சமாகத் தங்குகிற சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. தானே மூழ்கித் தானே மேலே வந்து கணக்குச் சொல்லும் மிதவைக் கருவிகள் உலகக் கடல்களில் ஆயிரக்கணக்கில் விடப்பட்டிருக்கின்றன. நம் நாட்டின் கருவிகளும் அதில் உண்டு. சூடான தண்ணீர் உப்பும்; மலைமேல் பனிக்கட்டி உருகும். இரண்டும் சேர்ந்து 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டத்தைச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கின்றன. ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காடு, பொன்னேரிப் பக்கம் உப்புத்தண்ணீர் ஏறுகிற கிணறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சாண் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அளவுக்கு மீறித் தண்ணீர் இறைப்பதும் உப்பு ஏறுவதற்குப் பெரிய காரணம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆக, ஊரின் சூடு வேறு. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற உலகத்தின் சூடு வேறு. கொரட்டூரில் இரண்டும் இருக்கின்றன. ஊத்துக்கோட்டை வயலில் முதலாவது கிடையாது. இரண்டாவது அங்கேயும் உண்டு.

சூடாகிறது என்பது சரி, அதற்கு மனிதன்தான் காரணம் என்று எப்படிச் சொல்லலாம்? இதற்கும் கொரட்டூர் வழியாகவே போகலாம்.

1856 ஜூலை முதல் தேதி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. இன்றைக்குக் கொரட்டூர் ஸ்டேஷனைத் தாண்டி அரக்கோணம் போகிற தடம்தான் அது. அதே 1856 ஆகஸ்டில், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி செய்த ஒரு சின்னச் சோதனை ஒரு விஞ்ஞான மாநாட்டில் வாசிக்கப்பட்டது. இரண்டு கண்ணாடிக் குழாய்கள், உள்ளே வெப்பமானிகள். ஒன்றில் சாதாரணக் காற்று. ஒன்றில் கரியமில வாயு. வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் கூடுதலாகச் சூடேறியது. நிழலுக்கு எடுத்து வந்த பிறகும் ஆறுவதற்கு வெகு நேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு அதிகமானால் பூமி சூடாகும் என்று அவர் அப்போதே எழுதினார். ஆனால் அந்தக் கட்டுரையை மாநாட்டில் படித்தவர் ஓர் ஆண். அடுத்த மூன்று வருஷத்தில் லண்டனில் ஜான் டிண்டால் விஷயத்தை இன்னும் துல்லியமாக்கினார். வெயில் இந்த வாயுக்களின் வழியே உள்ளே வந்துவிடுகிறது; சூடான பூமி திருப்பி அனுப்புகிற, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைத்தான் இவை பிடித்துக்கொள்கின்றன. மேகம் மூடிய ராத்திரி புழுக்கமாக இருக்கிறதே, அதற்கும் காரணம் காற்றிலுள்ள நீராவியும் மேகமும் இதே மாதிரி வெப்பத்தைப் பிடித்துவைப்பதுதான். 1896இல் ஸ்வீடன் தேசத்து அரேனியஸ், காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இன்றைய கணக்கு அதைவிடக் குறைவு. ஆனால் திசை தப்பவில்லை.

காற்றில் அந்த வாயு ஏறுகிறதா என்று நாள் தவறாமல் அளக்கத் தொடங்கியவர் சார்லஸ் கீலிங். 1958இல் பசிபிக் கடல் நடுவே ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைமேல் கருவியை வைத்தார். பத்து லட்சம் பங்கு காற்றில் அப்போது சுமார் 315 பங்கு. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. இயந்திரங்கள் பெருகுவதற்கு முன்னே சுமார் 280 இருந்தது என்பதை அண்டார்டிகாப் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட பழைய காற்றுக் குமிழிகளை உடைத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். எட்டு லட்சம் வருஷத்துப் பனியில் ஒரு இடத்திலாவது 300ஐத் தொட்டுத் தாண்டியது இல்லை. கீலிங்கின் கோட்டில் இன்னொன்று தெரியும். ஒவ்வொரு வருஷமும் அது சற்று இறங்கி மறுபடி ஏறும். வடக்குப் பூமியில் இலை துளிர்க்கும்போது இறங்குகிறது. இலை உதிர்ந்து மக்கும்போது ஏறுகிறது. செடிகொடி மூச்சு விடுவதையே கோடாக வரைந்திருக்கிறது!

"செடி மக்கினாலும் அந்த வாயு, அடுப்பெரித்தாலும் அந்த வாயு. ரயிலும் மோட்டாரும் மின்சார நிலையமும் விட்டதுதான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி இது. அந்தப் பழைய மதராஸ் ரயில்வே இஞ்சின்கள் பல காலம் விறகுதான் எரித்தன. அதற்காகவே கடலோரம் சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். சவுக்கு விறகை எரித்தால் வெளிவரும் கரி, நாலைந்து வருஷத்துக்குள் அதே காற்றிலிருந்து மரம் வாங்கினது. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிறது. மறுபடி நட்டால் மறுபடி வாங்கிக்கொள்ளும். நிலக்கரி அப்படி அல்ல. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் புதைந்த காட்டின் கரி அது. உயிருள்ள மரத்தின் கரியில் இலேசான கதிர்வீச்சுள்ள ஒரு வகைக் கரி கொஞ்சம் கலந்திருக்கும். புதைந்து வெகு காலமானால் அது தேய்ந்து இல்லாமல் போய்விடும். காற்றில் சேருகிற வாயுவில் அந்தப் புதுக் கரி நீர்த்துக்கொண்டு வருகிறது என்று 1955இல் ஹான்ஸ் சூஸ் என்பவர் மரத்தின் வளையங்களைச் சோதித்துச் சொன்னார். பாலில் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் காட்டிக்கொடுப்பது போலத்தான். கலந்தது பழைய கரி. மண்ணுக்கடியிலிருந்து தோண்டியது.

சூரியனே கூடுதலாகக் காய்கிறதோ? இதையும் பார்த்துவிட்டார்கள். 1899இல் நுங்கம்பாக்கத்து வானாய்வு வேலை கொடைக்கானலுக்குப் போயிற்று. வானிலை வேலை மட்டும் இங்கே தங்கியது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி! கொடைக்கானல் கூடம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துக்கொண்டு வருகிறது. சூரியப் புள்ளிகள் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. 1978 முதல் செயற்கைக் கோள்கள் சூரிய வெப்பத்தை நேராக அளக்கின்றன. அதிலே ஏற்றம் இல்லை. பூமியில் மட்டும் ஏற்றம். இன்னொரு சாட்சியும் உண்டு. சூரியன் அதிகமாகக் காய்ந்தால் கீழ்க் காற்று, மேல் காற்று இரண்டும் சூடாக வேண்டும். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேலே உள்ள காற்றடுக்கு குளிர்ந்துகொண்டு வருகிறது, கீழே சூடாகிறது. கம்பளி போர்த்தியவனுக்கு உள்ளே வியர்க்கும், வெளியே சில்லென்றிருக்கும் என்பது மாதிரி. இப்படித்தான் ஆகும் என்று 1967லேயே மனாபே என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அவரது கூட்டாளியும் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது நம் வயலுக்கு வருவோம். நான் வேளாண்மை இலாகாக்காரன். பனிக்கட்டியைவிட நெற்கதிர்தான் எனக்கு நெருக்கம்.

2024ஆம் வருஷம் இந்தியாவில் 1901க்குப் பிறகு மிகச் சூடான வருஷம் என்று வானிலைத் துறை அறிவித்தது. 1991 முதல் 2020 வரையான சராசரியைவிட 0.65 டிகிரி கூடுதல். அதிலே பிரித்துப் பார்த்தால், இரவு வெப்பம் 0.90 டிகிரி கூடுதல். பகல் வெப்பம் 0.20தான் கூடுதல். இந்த இரவுக் கணக்கை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நெற்பயிர் பகலில் வெயிலை வைத்து மாவுச்சத்து சமைக்கிறது. ராத்திரியில் மூச்சு விடுவதற்காகச் சமைத்ததில் ஒரு பங்கைத் தானே எரித்துக்கொள்கிறது. ராத்திரி சூடாக இருந்தால் அந்த எரிப்பு அதிகம். பகல் சம்பாத்தியம் ராத்திரி செலவில் போகிறது. பிலிப்பைன்ஸ் தேசத்தில் இருக்கும் அகில உலக நெல் ஆராய்ச்சி நிலையம், ஐ.ஆர். 8 தந்த அதே நிலையம், தன் பண்ணைக் கணக்கை 1979 முதல் 2003 வரை எடுத்துப் பார்த்தது. அந்த 25 வருஷத்தில் அங்கே பகல் உச்சம் 0.35 டிகிரி ஏறியது. ராத்திரி தாழ்நிலை 1.13 டிகிரி ஏறியது. கோடைப் பருவத்தில் ராத்திரி வெப்பம் 1 டிகிரி ஏறினால் மகசூல் நூற்றுக்குப் பத்து குறைந்தது என்று 2004இல் வெளியிட்டார்கள். ஏக்கருக்கு 30 மூட்டை எடுக்கிறவருக்கு 3 மூட்டை. உரம் குறையவில்லை, பூச்சி விழவில்லை, தண்ணீர் நின்றது. ஆனாலும் மூட்டை குறைந்தது. காரணம் தெரியாமல் விதையையும் கடைக்காரரையும் திட்டிக்கொண்டிருப்போம்.

பகல் சூட்டுக்கும் ஒரு வேளை உண்டு. நெல் பூக்கிற நேரம் காலை ஒன்பது மணியிலிருந்து பகல் வரை. அந்தச் சமயத்தில் 35 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் இருந்தாலே மகரந்தம் சரியாகச் சேராது. கதிர் நிமிர்ந்து நிற்கும். பிடித்துப் பார்த்தால் பதர். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரிக்கு இந்த ஆபத்து அதிகம். நவரையிலும் விதைப்பு பிந்தினால் பூக்கும் பருவம் பங்குனி வெயிலில் போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே நவரைக்கு நாற்று விடுவதைத் தை கடைசி வரைக்கும் தள்ளாதீர்கள். குறுகிய வயது ரகங்களைப் பற்றித் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலும், உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேளுங்கள். பூக்கும் வாரத்தில் வயலில் தண்ணீர் நிற்கட்டும், காயப் போடவேண்டாம். மண்பானை விஷயம்தான்.

அந்தப் பெரியவரிடம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. "எல்லாம் சரி தம்பி, என் வயல்ல எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். உச்சமும் தாழ்வும் காட்டும் வெப்பமானி ஒன்று கடையில் கிடைக்கும், வாங்கிக் காலையில் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஊத்துக்கோட்டைப் பக்கம் போனபோது பார்த்தேன். வெப்பமானியைத் தகர ஷெட்டுக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார். ராத்திரியும் சூடு, பகலில் அதற்கு மேலே சூடு! "ஐயா, நீங்களே சொன்னீங்களே, கொரட்டூர் சூடுன்னு. தகரத்துக்கடியில வெச்சா கொரட்டூரை இங்கே கொண்டுவந்த மாதிரிதானே?" என்றதும் சிரித்துவிட்டார். இருவருமாகச் சேர்ந்து கிணற்றடியில் ஒரு கம்பம் நட்டு, நாலடி உயரத்தில், காற்று புகுந்து போகிற மாதிரிச் சட்டம் அடித்த மரப்பெட்டிக்குள், கதவு வடக்குப் பார்க்க வைத்தோம். நுங்கம்பாக்கத்திலும் பெட்டி இப்படித்தான்.

முப்பது வருஷக் கணக்கு சேர்ந்தால்தான் அது சாட்சி என்று நான் சொன்னேன். "எனக்கு எழுபத்திரண்டு ஆகுது" என்றார் அவர். நோட்டின் முதல் பக்கத்தில் பேரனின் கையெழுத்து இருந்தது. இரண்டாவது வரியில் ஒரு நாள் விட்டுப்போயிருந்தது. அதைச் சிவப்பு மையில் சுழித்து, "மறந்துட்டேன்" என்று எழுதியிருந்தான்.